யாரோடெல்லாம் இருந்தீர்கள்?



தொற்றுநோய் கண்ட ஒருவரிடம் சுகாதாரப் பணியாளர் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது இது: "கடந்த சில நாட்களாக நீங்கள் யாரோடெல்லாம் இருந்தீர்கள்?" காசநோய், தட்டம்மை முதலிய நோய்களிலும் இக்கேள்வி நெடுங்காலமாய்க் கேட்கப்பட்டு வருகிறது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, இதற்கு விடை சேகரிக்கும் பொறுப்பு உலகின் பல நாடுகளில் கைப்பேசிச் செயலிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டில் அதற்கு 'ஆரோக்கிய சேது' என்று பெயர்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. நம்மில் பலர் செயலியை அழித்ததோடு அதைப் பற்றிய நினைவையும் அழித்துவிட்டோம். ஆயினும் இன்னொரு கொள்ளைநோய் எழும்புமானால், அதே கேள்வியும் அதைப் போன்ற செயலியும் மறுபடியும் நம் வாசலுக்கு வரும். பயம் சூழ்ந்திருக்கும் நாட்களில் நிதானமாய்ச் சிந்திப்பது அரிது. சுகமாயிருக்கும் இந்நாட்களிலேயே குடும்பமாய் அமர்ந்து அதைச் சிந்தித்து வைப்பது நலம். ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டிலும் விடுதியிலும் குடியிருக்கும் நமக்கு இது மிகவும் அவசியம்.

சொல்லுவது கடமையே

முதலாவது ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். "என் கைப்பேசி, என் உரிமை, யாரோடு இருந்தேன் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்பது போதாது. சர்க்கரை வியாதியை ஒருவர் மறைத்தால் அவர் உடல் கெடும். தொற்றுநோயை மறைத்தால் அடுத்த வீட்டு முதியவரின் உயிர் போகலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நாம் வாழும் விதத்தை எண்ணிப் பாருங்கள். நீலாத்ரி சாலையிலும் தொட்டதோகூரிலும் உள்ள விடுதிகளில் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர். கம்பெனிப் பேருந்தில் நெருங்கிய பயணம், உணவுக்கூடத்தில் ஒரே வரிசை. பக்கத்தில் நின்றவரின் பெயர் நமக்குத் தெரியாது. நமக்கு நோய் கண்டால் அவரிடம் போய் எச்சரிக்க நம்மால் இயலாது. இந்தக் குறையை நீக்கத்தான் செயலி உருவாக்கப்பட்டது. இரு கைப்பேசிகள் அருகருகே வரும்போது புளூடூத் அலையின்மூலம் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். பின்னர் ஒருவருக்கு நோய் உறுதியானால், பெயர் அறியாத மற்றவருக்கும் எச்சரிக்கை செல்லும். இது நல்ல நோக்கம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விரைந்து எச்சரிப்பதன் அருமையை இந்நகரம் அறியும். 2020 மார்ச் மாத நடுவில், நோய் கண்ட ஒருவரோடு தன் ஊழியர் ஒருவருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று தெரிந்தவுடன், இன்ஃபோசிஸ் நிறுவனம் பெங்களூரிலிருந்த தன் கட்டடங்களில் ஒன்றைக் காலி செய்து சுத்திகரித்தது. அப்போது நாடு தழுவிய ஊரடங்கும் வரவில்லை, செயலியும் வரவில்லை. ஒருவர் தெரிவித்தார், பலர் காக்கப்பட்டார்கள்.

ஆகவே, சொல்லுவது அயலாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். ஆனால் கேட்பவருக்கும் கடன் உண்டு. எதற்காகக் கேட்கிறார், எவ்வளவு கேட்கிறார், எத்தனை நாள் வைத்திருப்பார், யாரிடம் கொடுப்பார் என்பதற்கெல்லாம் அவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். இவ்விரண்டு கடன்களில் முதலாவதை மட்டும் வலியுறுத்தி இரண்டாவதை மறந்துபோனதே 2020-இல் நேர்ந்த பெருங்குறை.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்த உத்தரவு

ஆரோக்கிய சேது 2020 ஏப்ரல் 2 அன்று வெளியானது. தேசியத் தகவலியல் மையம் அதை வெளியிட்டது. 13 நாட்களில் ஐந்து கோடிப் பேர் அதைத் தரவிறக்கினார்கள். பெயர், கைப்பேசி எண், வயது, பாலினம், தொழில், கடந்த 30 நாட்களில் சென்ற வெளிநாடுகள் ஆகியவற்றை அது கேட்டது. புளூடூத்தோடு நில்லாமல், நாம் இருக்கும் இடத்தையும் ஜிபிஎஸ் வழியாய்க் குறித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் விரும்பியவர் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவு, அரசு மற்றும் தனியார் ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஊழியர் நூறு சதவீதமும் அதை வைத்திருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு நிறுவனத் தலைவர்மேல் சுமத்தப்பட்டது. நொய்டாவில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தும் செயலி இல்லாதிருப்பது தண்டனைக்குரியது என்று போலீசார் அறிவித்தனர். இவற்றுக்கு ஆதாரமாய் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் எதுவும் இருக்கவில்லை. உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா இக்கட்டாயம் சட்டத்துக்கு முற்றிலும் புறம்பானது என்று வெளிப்படையாய்க் கூறினார். மே 17 அன்று வெளியான அடுத்த உத்தரவில், இயன்றவரை முயல வேண்டும் என்ற அளவுக்கு அது தளர்த்தப்பட்டது.

1978-இல் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில், இப்படிப்பட்ட கட்டாயம் யார்மேல் எவ்வளவு பாரமாய் விழும்? மென்பொருள் பொறியாளர் மடிக்கணினியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கைப்பேசி அவரைத் தவிர வேறு யாரையும் சந்திக்கவில்லை. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, கழிவறையைச் சுத்தம் செய்யும் சகோதரி, உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர் ஆகியோர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. நாளெல்லாம் பலரைச் சந்திப்பதே அவர்கள் தொழில். செயலியில் பச்சை நிறம் மாறும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம். நிறம் மாறினால் வேலை நிற்கும், வேலை நின்றால் கூலி நிற்கும். பலரிடம் சாதாரண பட்டன் போன்தான் இருந்தது. அவர்களுக்காக 1921 என்ற எண்ணில் அழைப்புச் சேவை பின்னர் வந்தது. ஆயினும் வாசலில் திரையைக் காட்டச் சொன்ன இடங்களில் அந்த எண் எப்படி உதவும்?

கூலியை உறுதிசெய்யாமல் உண்மையைக் கேட்பது, ஏழையைப் பொய்க்குத் தள்ளுவதாகும். தனித்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலானோர் மறைக்கமாட்டார்கள்.

கருவி அறியாத சுவர்

செயலியின் கணக்கு எப்போதும் சரியாயிராது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். புளூடூத் அலை சுவரைக் கடந்து செல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் கட்டிலில் கிடக்கும் கைப்பேசியை, நம்மோடு ஒரே அறையில் இருந்ததாக அது எண்ணக்கூடும். முகக்கவசம் அணிந்திருந்தோமா, திறந்த வெளியில் நின்றோமா என்பது அதற்குத் தெரியாது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் பேசி நின்றால், அந்த நெருக்கத்தை அது அறியவே அறியாது.

2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பரவிய விதத்தை நினைவுகூருங்கள். சந்தை மூடப்பட்டபோது சுமை தூக்கும் தொழிலாளரும் வியாபாரிகளும் அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். எந்த லாரியில் யார் ஏறினார், எந்தக் கிராமத்தில் இறங்கினார் என்று கேட்டறிய, ஊரறிந்த பணியாளர்களும் தொலைபேசி விசாரணையும் தேவைப்பட்டன. பெங்களூரிலும் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாய் நடந்தார்கள். கைப்பேசி அவர்களுக்கு உதவியாய் இருக்கலாம். ஆனால் ஒரு மனுஷி கதவைத் தட்டி, "சாப்பிட்டீர்களா, மருந்து இருக்கிறதா?" என்று கேட்டபின்பு கிடைக்கும் விடை, திரையில் அழுத்திய விடையைவிட நம்பத்தக்கது.

பயம் மறைக்கச் செய்யும்

மக்கள் ஏன் மறைத்தார்கள்? அவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் அல்லர், பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

2020 மார்ச் மாதத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டில் தனித்திருந்த ஆயிரக்கணக்கானோரின் வீட்டு முகவரிகளைக் கர்நாடக அரசு பொதுவில் வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை, எச்சரிக்கைக்காகவே தனித்திருந்தார்கள். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாய்ச் சுற்றிவந்தது. சொந்த வீட்டுக்காரருக்கு அது அவமானம். வாடகைக்கு இருப்பவருக்கோ வீட்டையே இழக்கும் அபாயம். மாத இறுதியில் வந்த 'குவாரண்டைன் வாட்ச்' என்னும் செயலி, வீட்டில் தனித்திருப்போர் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை நீங்கலாக, ஒவ்வொரு மணிக்கும் தங்கள் முகத்தைப் படமெடுத்து அனுப்பவேண்டும் என்றது. தவறினால் பொது முகாமுக்குக் கொண்டுபோவோம் என்று எச்சரிக்கப்பட்டது. ஜூலை 23 அன்று தோம்லூரில் இரண்டு வீடுகளின் வாசலை மாநகராட்சிப் பணியாளர்கள் தகரத்தால் அடைத்தார்கள். மாநகராட்சி ஆணையர் அதை உடனே அகற்றச்செய்து மன்னிப்புக் கேட்டார், அது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தகரத்தைப் படத்தில் கண்ட ஒருவர், மறுநாள் தனக்குக் காய்ச்சல் வந்தால் துணிந்து சொல்லுவாரா?

நம் தமிழ்நாட்டிலும் நடந்ததை மறக்கலாகாது. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவினால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் மறுஅடக்கம் பெற, ஏறக்குறைய ஓராண்டும் நீதிமன்ற உத்தரவும் தேவைப்பட்டன. நோயாளியை ஊர் இப்படி நடத்துமானால், எந்தச் செயலியும் உண்மையை வரவழைக்க முடியாது.

வேதத்தை வாசிக்கும் நமக்கு லேவியராகமத்தின் 13-ஆம், 14-ஆம் அதிகாரங்கள் தெரிந்தவை. சந்தேகத்துக்குரியவனை ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்ற ஒழுங்கு அங்கே உண்டு. பாளயத்துக்குப் புறம்பே அனுப்பும் ஒழுங்கு உண்டு. சுகமானவனைத் திரும்பச் சேர்க்கும் ஒழுங்கும் அதே அளவு விரிவாய் எழுதப்பட்டுள்ளது. தனிமைப்படுத்தலுக்கு நாள் குறித்திருந்தார்கள், திரும்பிவர வழி வைத்திருந்தார்கள். நம் காலத்துச் செயலிகளில் நாம் தேட வேண்டியதும் இவையே.

கொடுத்த வாக்கு

இதற்குச் சிங்கப்பூரில் ஒரு பாடம் உண்டு. அந்நாடு 2020 மார்ச் 20 அன்று 'டிரேஸ் டுகெதர்' என்னும் செயலியை வெளியிட்டது. இருப்பிடத்தை அது சேகரிக்கவில்லை. அருகில் வந்த கருவிகளை மட்டும் 25 நாட்களுக்குக் குறித்து வைத்தது. இத்தகவல் நோய்த்தொடர்பை அறிவதற்கு மட்டுமே என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி கூறியிருந்தார். ஆனால் 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி போலீசார் இத்தகவலைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் மிகவும் வருந்தினார்கள். அடுத்த மாதமே சட்டம் இயற்றி, ஏழு வகைக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் என்று அரசு எல்லை வகுத்தது. கொலைகாரனைப் பிடிப்பது நல்ல காரியமே. ஆயினும் ஒன்றுக்கென்று வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், அடுத்த முறை கேட்கும்போது ஜனங்கள் தயங்குவார்கள்.

நம் நாட்டில் இவ்விஷயம் பெங்களூரிலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. மென்பொருள் வல்லுநர் அனிவர் அரவிந்த் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். செயலி இல்லை என்ற காரணத்தால் குடிமகனுக்கு எந்த அரசுச் சேவையையும் மறுக்கலாகாது என்று 2020 அக்டோபர் 19 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பயன்படுத்துவோரின் தெளிந்த சம்மதமின்றி அவர்களின் உடல்நலத் தகவலைப் பிற அமைப்புகளோடு பகிரலாகாது என்று 2021 ஜனவரி 25 அன்று தடை விதித்தது. இதற்கு அடித்தளம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாய் அளித்த தீர்ப்பாகும். அவ்வழக்கைத் தொடுத்தவரும், 2024-இல் காலமானவருமான கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்றவர். உரிமையைக் குறுக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்பதே அத்தீர்ப்பு கற்பிக்கும் அளவுகோல்.

ஆரோக்கிய சேதுவின் தொடர்பறியும் பகுதி நிறுத்தப்பட்டதாகவும், அதில் சேர்ந்த தகவல் அழிக்கப்பட்டதாகவும் 2023 பிப்ரவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. செயலியோ வேறு சுகாதாரச் சேவைகளுக்காகத் தொடர்ந்தது.

அதே 2023-இல் தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அதன் விதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன் 7-ஆம் பிரிவை நாம் கவனிக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவியோ சுகாதாரச் சேவையோ அளிப்பதற்காக, சம்மதம் கேளாமலே ஒருவரின் தகவலைக் கையாள அது இடம் கொடுக்கிறது. மயக்கத்தில் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அதற்கு நியாயம் உண்டு. ஆனால் நம் சம்மதம் கேட்கப்படாத இடத்தில்தான், நோக்கத்தையும் காலத்தையும் பற்றிய கேள்விகளை நாம் உரக்கக் கேட்க வேண்டியதாகிறது.

நம் கையிலுள்ள பதிவேடு

அரசாங்கத்தைக் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் கையிலும் பிறருடைய தகவல் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், "பி பிளாக் மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நோய்" என்று முதலில் செய்தி போடுகிறவர் யார்? வீட்டு வேலைக்கு வரும் சகோதரியிடம் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு, அதைப் படமெடுத்துப் பலருக்கு அனுப்புகிறவர் யார்? விடுதி நடத்துகிறவர், காய்ச்சல் கண்ட பிள்ளையை இரவோடிரவாக ஓசூர் பேருந்தில் ஏற்றிவிட்டால், அத்திப்பள்ளி தாண்டி நோயும் அவனோடு ஊருக்குப் போகிறது அல்லவா?

ஜெபக் கூட்டங்கள் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்கள் திறக்க அனுமதிக்கப்பட்டபோது, வாசலில் நோட்டுப்புத்தகம் வைத்துப் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய சபைகள் பல. நல்ல காரியம். ஆனால் அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது? நோய்க்காக எழுதிய எண்ணுக்குப் பின்னர் கன்வென்ஷன் அழைப்பும் காணிக்கை வேண்டுகோளும் போயிருந்தால், சிறிய அளவில் நாமும் வாக்கு மீறினவர்களே. அடுத்த முறை அந்த நோட்டின் முதற்பக்கத்திலேயே, என்ன தேவைக்கு, யார் பொறுப்பில், எந்தத் தேதியில் கிழித்து அழிக்கப்படும் என்று எழுதி வைப்போமாக. குறித்த நாளில் இரண்டு பேர் சாட்சியாய் நின்று அழிப்பார்களாக.

நம்மில் பலர் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்கள். அடுத்த செயலி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதேனுமொரு மேசையிலேயே எழுதப்படலாம். "இந்தத் தகவல் நோயைத் தடுக்கத் தேவையா? இது எந்த நாளில் தானாய் அழியும்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்கும் ஒருவர், அநேகரைக் காப்பார். அக்கேள்வி அவருக்குப் பதவி உயர்வைத் தராது. ஆனாலும் கேட்க வேண்டும்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நம் வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய் வந்தால், அன்றைக்கே தெரிவிக்க வேண்டியவர்களின் பெயர்களை இப்போதே எழுத முடியுமா? வேலைக்கு வரும் சகோதரியும் பால் போடுகிறவரும் அதில் இருக்கிறார்களா?

2. அவர் வேலைக்கு வரமுடியாத நாட்களுக்கும் சம்பளம் கொடுப்போம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோமா?

3. ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளும்படி கேட்கப்பட்டால், அதன் நோக்கம், அது சேகரிக்கும் தகவல், வைத்திருக்கும் நாட்கள், பகிரும் இடங்கள் ஆகிய நான்கையும் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிப்போமா?

4. பக்கத்து வீட்டாருக்கு நோய் என்று கேள்விப்பட்டால், நம் கை முதலில் குழுவில் செய்தி எழுதப் போகுமா, அல்லது அவர்கள் வாசலில் பாலும் காய்கறியும் வைக்கப் போகுமா?

நான்காம் கேள்விக்கு நம் தெரு கொடுக்கும் விடையைப் பொறுத்தே, "யாரோடெல்லாம் இருந்தீர்கள்?" என்று கேட்கப்படும்போது ஒருவர் பயமின்றி உண்மை சொல்லுவார்.